பின் பம்பருக்கு ஒரு மலிவான காப்பு: எதை ஒட்டலாம், எதைத் தவிர்க்க வேண்டும்?

ரிவர்ஸ் எடுக்கும்போது இடிக்கும் தூண், தெருவில் நிறுத்தியிருக்கும்போது உரசிப் போகும் யாரோ ஒருவரின் பைக், டிக்கியில் ஏற்றும் அரிசி மூட்டை. காரின் பின் பம்பரில் கீறல் விழ இவை போதும். விபத்து என்று சொல்லும்படி எதுவும் நடக்காமலே, ஓரிரு ஆண்டுகளில் பம்பரின் மூலைகள் நிறம் உரிந்து நிற்கும் கார்களை எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்திலும் நீங்கள் பார்க்கலாம்.

இதைத் தடுக்கக் கடைகளில் பல வகைக் காப்புகள் விற்கிறார்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரப்பர் துண்டும் உண்டு, பல ஆயிரம் ரூபாய் கேட்கும் எஃகுக் குழாயும் உண்டு. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனால் எல்லாம் பக்கத்துப் பக்கத்துக் கடையில் கிடைக்கும். கடைக்காரர் விலை அதிகமானதைத்தான் முதலில் காட்டுவார். பின் பம்பரைப் பொறுத்தவரை விலை குறைந்ததே நல்லது என்பது என் முடிவு. ஏன் என்று புரிய, பம்பர் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் போதும்.

பம்பருக்குள்ளே என்ன இருக்கிறது?

வெளியே நமக்குத் தெரிவது பம்பரின் மேல்தோல் மட்டும்தான். பாலிப்ரொப்பிலீன் (பக்கெட்டும் நாற்காலியும் செய்யும் பிளாஸ்டிக் வகை) என்ற பொருளில் வார்த்து, அதன்மேல் காரின் நிறத்தை அடித்திருப்பார்கள். க்ளிப்புகளும் சில ஸ்க்ரூக்களும் அதைப் பாடியோடு பிடித்து வைத்திருக்கின்றன. கையால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வரும்.

அந்தத் தோலுக்குப் பின்னால் பல கார்களில் நுரையாலோ பிளாஸ்டிக்காலோ ஆன ஒரு மெத்தை இருக்கும். அதற்கும் பின்னால் குறுக்காக ஒரு எஃகுச் சட்டம். இது மாடலுக்கு மாடல் மாறும். ஆனால் எண்ணம் ஒன்றுதான்: இடி வரும்போது வெளிப்பகுதி நசுங்கி, இடியின் விசையைத் தன்மேல் வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கும் காரின் அடிச்சட்டத்துக்கும் போய்ச் சேரும் விசை அந்த அளவுக்குக் குறையும். நசுங்குவதே பம்பரின் வேலை.

அப்படியானால் அது எவ்வளவு வேகத்தைத் தாங்கும்?

பலர் நினைப்பதைவிடக் குறைவு. ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐ.நா. ஒழுங்குவிதி 42, பம்பரை நேராக மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்திலும், மூலையில் 2.5 கிலோமீட்டர் வேகத்திலும் இடித்துப் பார்க்கச் சொல்கிறது. அமெரிக்காவில் முன்பு மணிக்கு 5 மைல் என்றிருந்த சோதனை வேகத்தை 1982-இல் இரண்டரை மைலாகக் குறைத்தார்கள். அதுவும் ஏறக்குறைய 4 கிலோமீட்டர்தான். நாம் சாதாரணமாக நடக்கும் வேகமே மணிக்கு 5 கிலோமீட்டர் இருக்கும்.

மூலைக்கு வைத்திருக்கும் வேகத்தைக் கவனியுங்கள். அங்கே குறுக்குச் சட்டம் முடிந்துவிடும். பின்னால் தாங்கிப் பிடிக்க அதிகம் எதுவும் இருக்காது. ஐரோப்பியச் சோதனை கேட்பதும் கீறல் விழாத பம்பரை அல்ல. இடித்த பிறகு விளக்குகள் எரிய வேண்டும், டிக்கியும் கதவுகளும் திறந்து மூட வேண்டும் என்றுதான் கேட்கிறது. பெயிண்ட் போவதை அது கணக்கில் எடுப்பதில்லை.

இடியின் ஆற்றல் வேகத்தோடு சேர்ந்து அதே அளவில் ஏறுவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் வண்டி சுமந்து வரும் ஆற்றல் நான்கு மடங்காகும். எனவே ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள ரப்பர் துண்டு, பின்னால் வேகமாக வந்து மோதும் காரிடமிருந்து உங்களைக் காப்பாற்றாது. அப்படி யாராவது சொல்லி விற்றால் நம்பாதீர்கள்.

பிறகு எதற்கு அந்த ரப்பர்?

பெயிண்டைக் காப்பாற்ற. கம்பெனியில் அடித்து வரும் பெயிண்ட், எல்லா அடுக்கும் சேர்ந்து, ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான். ஒரு சாதாரணக் காகிதத்தின் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொரசொரப்பான சிமெண்ட் தூணில் மெதுவாக உரசினாலும் அது போய்விடும். தூணுக்கும் பெயிண்டுக்கும் நடுவே மென்மையான ஒன்று இருந்தால், கீறல் அதன்மேல் விழும். அது பாழானால் கழற்றிவிட்டு வேறொன்று ஒட்டிக்கொள்ளலாம். மலிவான காப்பு செய்யக்கூடியது இவ்வளவுதான். இதையே எதிர்பார்த்து வாங்கினால் அது ஏமாற்றாது.

கீறல் விழுந்தால் இன்சூரன்ஸ் இருக்கிறதே, எதற்குக் காப்பு?

நியாயமான கேள்வி. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தியாவில் தனியார் காருக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் ஒரு கட்டாயத் தொகையை நீங்களே ஏற்க வேண்டும். 1500 சி.சி. வரையிலான வண்டிக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்தை மாற்றினால் அதன் விலையில் பாதியைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். பம்பர் பிளாஸ்டிக். ஊரில் 'பம்பர் டு பம்பர்' என்று சொல்லும் தேய்மானம் இல்லாத பாலிசி எடுத்திருந்தால் மட்டும் அந்தக் கழிவு இருக்காது.

இதைவிடப் பெரிய இழப்பு நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாமல் ஓட்டிய ஆண்டுகளுக்காகத் தரும் பிரீமியத் தள்ளுபடி). முதல் ஆண்டு முடிவில் 20 சதவீதம், பிறகு 25, 35, 45 என ஏறி, ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதத்தில் நிற்கும். ஒரே ஒரு கிளெய்ம் செய்தாலும் அது பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

ஓர் உதாரணம். உங்கள் காரின் சொந்தச் சேதப் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 10,000 ரூபாய் என்றும், இப்போது 35 சதவீதத் தள்ளுபடியில் இருக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். பம்பருக்கு பெயிண்ட் அடிக்க 4,500 ரூபாய் பில் வருகிறது. கிளெய்ம் செய்தால் 1,000 போக அதிகபட்சம் 3,500 ரூபாய் கிடைக்கும். அடுத்த ஆண்டு உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய 45 சதவீதத் தள்ளுபடி, அதாவது 4,500 ரூபாய், போய்விடும். அதற்கடுத்த ஆண்டும் 20 சதவீதத்திலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும். போனஸைக் காக்கும் தனி இணைப்பை எடுத்திருந்தால் கணக்கு மாறும். மற்றவர்களுக்கு மூலைக் கீறலைக் கையிலிருந்து செலவழித்துச் சரிசெய்வதோ, அப்படியே விட்டுவிடுவதோதான் வழி. சில நூறு ரூபாய்க் காப்பு தன் விலையை ஈடுசெய்வது இங்கேதான்.

சரி, எந்த வகையை வாங்குவது?

அது உங்கள் வண்டியில் கீறல் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது. வாங்குவதற்கு முன் பம்பரின் முன்னால் குனிந்து உட்கார்ந்து ஒருமுறை நன்றாகப் பாருங்கள். பழைய கீறல்கள் எந்தப் பக்கம், எந்த உயரத்தில் இருக்கின்றன என்பதே எதை எங்கே ஒட்ட வேண்டும் என்று சொல்லிவிடும்.

கீறல் மூலைகளில் இருந்தால் கார்னர் கார்டு போதும். ரப்பரிலோ மென்மையான பி.வி.சி.யிலோ செய்த வளைந்த துண்டு, பின்புறம் இருபக்க டேப்போடு வரும். மாருதி, ஹூண்டாய் போன்ற கம்பெனிகளே தங்கள் கார்களுக்கேற்ற மூலைக் காப்புகளைத் தங்கள் உதிரிப்பொருள் பட்டியலில் விற்கின்றன; அவை உங்கள் பம்பரின் வளைவுக்குச் சரியாகப் பொருந்தும். வெளிக்கடைப் பொருள் எல்லா வண்டிக்கும் பொது என்பதால் வளைவில் தூக்கிக்கொண்டு நிற்கலாம். வாங்கும்போது கையால் வளைத்துப் பாருங்கள். எளிதாக வளைந்து, விட்டதும் மெதுவாகத் திரும்பினால் நல்லது. விறைப்பாக இருந்து, வளைத்தால் வெள்ளைக் கோடு விழுந்தால் அது வெயிலில் சீக்கிரம் வெடிக்கும்.

கீறல் பம்பரின் மேல்விளிம்பில், டிக்கி வாய்க்கு நேர் கீழே இருந்தால், காரணம் மூட்டையும் சூட்கேஸும்தான். அங்கே நீளமான ரப்பர் பட்டை ஒன்றை ஒட்டலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடும் கிடைக்கும், பளபளப்பாக இருக்கும். நான் ரப்பரைத்தான் சொல்வேன். தகட்டின் ஓரம் தூக்கிக்கொண்டால் கையைக் கிழிக்கும், பெட்டியை அதன்மேல் வைத்தால் வழுக்கும்.

பம்பர் முழுவதும் மெல்லிய கோடுகளாக இருந்து, கறுப்பு ரப்பர் தெரிவது உங்களுக்குப் பிடிக்காவிட்டால், நிறமற்ற பிலிம் ஒன்று உண்டு. கடையில் பி.பி.எஃப். (பெயிண்டைக் காக்கும் தெளிவான பிளாஸ்டிக் உறை) என்பார்கள். உரசலைத் தாங்கும், தூணில் அழுத்தி இடித்தால் தாங்காது. தேர்ந்த கை ஒட்டினால்தான் குமிழி இல்லாமல் வரும். எனவே இதை மலிவு வகையில் சேர்க்க முடியாது.

நியூயார்க் போன்ற நகரங்களில், சாலையோரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கார்களை நெருக்கி நிறுத்துவதால், டிக்கியிலிருந்து தடித்த மெத்தை ஒன்றைப் பம்பர்மேல் தொங்கவிடும் வழக்கம் உண்டு. நிறுத்தியிருக்கும்போது மட்டும்தான் அது பயன்படும். நம்பர் பிளேட்டை மறைத்தபடி அதோடு ஓட்டக் கூடாது. நாள்தோறும் தெருவில் நிறுத்துபவர்களுக்குச் சரி. தினமும் எடுத்து மாட்டும் பொறுமை வேண்டும்.

எஃகுக் குழாய்க் காப்பு இவற்றைவிட உறுதியானதாயிற்றே?

உறுதியானதுதான், ஆபத்தும் அந்த உறுதியில்தான் இருக்கிறது. தடித்த குழாயை வளைத்து, பம்பருக்கு வெளியே நீட்டி, அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கிவிடுவார்கள். பின்னால் ஒரு வண்டி மோதினால், நசுங்க வேண்டிய தோலும் மெத்தையும் தொடப்படுவதற்கு முன்பே குழாய் அந்த இடியை வாங்கி, நேராக அடிச்சட்டத்துக்குக் கொண்டுபோய்விடும். பம்பர் தன் வேலையைச் செய்ய வழியே இருக்காது. பம்பரை மாற்றினால் முடிந்திருக்க வேண்டிய சேதம், சட்டத்தை நிமிர்த்த வேண்டிய சேதமாகலாம். உள்ளே இருப்பவரின் கழுத்துக்கும் குலுங்கல் கூடுதலாகும்.

மற்றவர்களையும் நினைக்க வேண்டும். நம் ஊர்ச் சாலைகளில் காருக்குப் பின்னால் மிக நெருக்கத்தில் வருவது பெரும்பாலும் இருசக்கர வண்டி. திடீரென்று பிரேக் போட்டால் பைக்கில் வருபவரின் முழங்கால் வந்து மோதுவது அந்தக் குழாயில். பிளாஸ்டிக் தோல் வளைந்து கொடுக்கும்; குழாய் கொடுக்காது. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நிற்கும் குழந்தைக்கும் இதே கதைதான். ஒரு கீறலைத் தவிர்க்க இன்னொருவரின் எலும்பைப் பணயம் வைப்பதை என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, கம்பெனி தந்த வண்டியின் அடிப்படை அமைப்பு மாறும்படி எதையும் செய்யக் கூடாது என்கிறது. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநில அரசுகளுக்குக் கடிதம் எழுதி, வண்டிகளில் பொருத்தும் உலோகக் காப்புகள் நடந்து செல்பவர்களுக்கும் உள்ளே இருப்பவர்களுக்கும் ஆபத்து என்று சொல்லி, நடவடிக்கை எடுக்கக் கேட்டது. 2019-இல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

அப்படியென்றால் ரப்பர் ஒட்டினாலும் தப்பா? இல்லை. ஒட்டுவதும் கழற்றுவதுமான ரப்பர் துண்டால் வண்டியின் அமைப்பு மாறுவதில்லை. ஆனால் நம்பர் பிளேட், விளக்குகள், பின்புறம் சிவப்பாக ஒளிரும் ரிஃப்ளெக்டர்கள் (இருட்டில் பின்னால் வருபவரின் விளக்கொளியைத் திருப்பி அனுப்பும் பட்டைகள்) ஆகியவற்றில் எதையும் அது மறைக்கக் கூடாது. பல கார்களில் ரிஃப்ளெக்டர் பம்பரின் மூலையிலேயே இருக்கும். ஒட்டும் அவசரத்தில் அதன்மேல் காப்பு ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஒட்டும் வேலை. இதை வீட்டிலேயே செய்யலாம். ஒட்டிய ஒரே மாதத்தில் கழன்று விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் பொருள் அல்ல, ஒட்டிய விதம்.

முதலில் இடத்தைப் பாருங்கள். டேப்பை உரிக்காமல், பேப்பர் டேப்பால் காப்பைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்து, டிக்கியைத் திறந்து மூடுங்கள். எங்காவது இடிக்கிறதா? பல கார்களின் பம்பரில் சிறு மூடி ஒன்று இருக்கும். வண்டியை இழுத்துச் செல்ல கொக்கி மாட்டும் துளை அதன் பின்னால் இருக்கிறது. அதை மூடிவிடாதீர்கள். சைலன்சர் குழாயின் வாய்க்குப் பக்கத்திலும் வேண்டாம். அந்தச் சூட்டில் பசை இளகிவிடும்.

பார்க்கிங் சென்சாருக்கு இடைஞ்சலாகாதா?

ஆகலாம். இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் பின்புறப் பார்க்கிங் சென்சார் கட்டாயம். பம்பரில் நாணயம் அளவில் தெரியும் வட்டங்கள் அவைதான். நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகின்றன. வட்டத்துக்குப் பக்கத்தில் காப்பு மேடாக நீண்டிருந்தால், அதிலேயே ஒலி பட்டுத் திரும்பி, பின்னால் யாரும் இல்லாதபோதும் பீப் அடிக்கும். அதைவிட மோசம், ஒலி போகும் வழி மறைந்து, உண்மையில் யாராவது நிற்கும்போது அடிக்காமல் போவது.

ஆகவே பேப்பர் டேப்பில் நிற்கும்போதே சோதியுங்கள். திறந்த இடத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, கிளட்ச்சையும் பிரேக்கையும் மிதித்தபடி ரிவர்ஸ் கியருக்கு மாற்றுங்கள். சும்மா இருக்கும்போது சத்தம் வரக் கூடாது. சென்சாருக்கு நேரே நாற்காலி ஒன்றை வைத்தால் வர வேண்டும். இரண்டு பக்கமும், நடுவிலும் பாருங்கள். இந்தச் சோதனையின்போது வண்டிக்குப் பின்னால் ஆளை நிறுத்தாதீர்கள்.

விலை கூடிய சில கார்களில், பக்கவாட்டில் வரும் வண்டியைக் கண்டு எச்சரிக்கும் ரேடார் பம்பர் மூலையின் உள்ளே ஒளிந்திருக்கும். வெளியே எந்த அடையாளமும் தெரியாது. அந்த இடத்தில் ஸ்டிக்கர்கூட ஒட்ட வேண்டாம் என்று வண்டியோடு தரும் கையேட்டில் எழுதியிருக்கும். உங்கள் காரில் அந்த வசதி இருந்தால், கையேட்டைப் பார்க்காமல் மூலையில் எதையும் ஒட்டாதீர்கள்.

இடம் முடிவானதும் சுத்தம். வாட்டர் வாஷ் செய்தால் மட்டும் போதாது. பாலிஷும் மெழுகும் கண்ணுக்குத் தெரியாத படலமாக நிற்கும். அதன்மேல் எந்தப் பசையும் பிடிக்காது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை (ஊசி போடும் முன் தோலைத் துடைக்கும் திரவம்) அதே அளவு தண்ணீரோடு கலந்து, சுத்தமான துணியால் துடைத்துக் காயவிடுங்கள். தின்னரோ நகப்பூச்சு நீக்கியோ வேண்டாம். அவை பெயிண்டையே கரைக்கும். துடைத்த இடத்தை விரலால் தொடாதீர்கள்.

பம்பரின் அந்தப் பகுதி நிறம் அடிக்காத, சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்காக இருந்தால் என்ன செய்வது? பாலிப்ரொப்பிலீனின் குணமே பசையை எளிதில் ஏற்காததுதான். அங்கே சாதாரண டேப் சில நாளில் விட்டுவிடும். ப்ரைமர் (டேப் பிடிப்பதற்காக முதலில் பூசும் மெல்லிய திரவம்) என்று கேட்டு வாங்கி, ஒரு பூச்சு கொடுத்து, காய்ந்த பிறகு ஒட்டுங்கள். அது கிடைக்காவிட்டால் அந்த இடத்தை விட்டுவிடலாம். நிறமில்லாத கறுப்பு பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தாலும் அவ்வளவாகத் தெரியாது.

ஒட்ட ஏற்ற நேரம் காலை. 21 முதல் 38 டிகிரி வரை டேப்புக்கு ஏற்ற வெப்பம். நண்பகல் வெயிலில் நின்ற காரின் பம்பர் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டுக்கொண்டிருக்கும், அப்போது ஒட்டாதீர்கள். கோட்டை பென்சிலால் குறித்துக்கொண்டு, ஒரு முனையிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உறையை உரித்தபடி அழுத்திக்கொண்டே போங்கள். முழுதும் ஒட்டிய பின், கட்டை விரலால் ஒவ்வொரு இடத்தையும் நன்றாக அழுத்துங்கள். இந்த வகைப் பசைக்கு அழுத்தம்தான் உயிர்.

எப்போது கழுவலாம்?

அவசரப்படாதீர்கள். கடைகளில் த்ரீ எம் டேப் என்று சொல்லும் நுரை டேப், ஒட்டிய 20 நிமிடத்தில் தன் முழுப் பிடிமானத்தில் பாதியைத்தான் அடைகிறது. ஒரு நாளில் 90 சதவீதம். முழுதும் இறுக 72 மணி நேரம் ஆகும். எனவே மூன்று நாள் தண்ணீர் படாமல் வைத்திருங்கள். மழை நாளில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். காப்போடு வந்த டேப் தரம் குறைந்ததாகத் தோன்றினால், அதை உரித்துவிட்டு நல்ல டேப்பை வாங்கி ஒட்டுவது நல்லது. பொருளில் மிச்சம் பிடிக்கலாம், டேப்பில் பிடிக்காதீர்கள்.

கடையில் ஒட்டச் சொன்னால், 'ரெண்டு ஸ்க்ரூ போட்டா கழலவே கழலாது சார்' என்பார்கள். மறுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தோலில் துளை போட்டால் அந்தத் துளையிலிருந்தே விரிசல் ஓடும். பின்னால் சென்சார் வயர் போகலாம். காப்பைப் பிறகு எடுத்தாலும் துளை நிற்கும். பெயிண்ட் அடித்தும் மறைக்க முடியாது.

ஒட்டிய பிறகு மறந்துவிடலாமா? முழுதாக முடியாது. காப்பின் ஓரத்தில் மணலும் சேறும் சேரும். ஓரம் தூக்கியிருந்தால் அந்த மணல் உள்ளே புகுந்து, வண்டி ஓடும் அதிர்வில் பெயிண்டைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். காக்க வைத்ததே கெடுக்கும் நிலை அது. கழுவும்போதெல்லாம் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். தூக்கியிருந்தால் மறுபடி அழுத்தினால் நிற்காது, கழற்றிப் புதிதாகத்தான் ஒட்ட வேண்டும். வாட்டர் வாஷ் கடையில் அழுத்தத் தண்ணீரை ஓரத்தில் நேராக அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் நடக்கும். பல ஆண்டு வெயில் பட்டுப் பம்பரின் மற்ற பகுதி மங்கும். காப்புக்கு அடியில் நிறம் அப்படியே இருக்கும். கழற்றும்போது அந்த வடிவம் தடமாகத் தெரியும். வண்டியை விற்கும் எண்ணம் உள்ளவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாலிஷ் போட்டால் ஓரளவு குறையும்.

கழற்றும் முறை: ஹேர் டிரையரால் மிதமாகச் சூடேற்றி, நைலான் நூலைக் காப்புக்கும் பம்பருக்கும் நடுவே விட்டு, அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுங்கள். கத்தியோ ஸ்க்ரூ டிரைவரோ கூடாது. மிச்சமிருக்கும் பசையை விரலால் உருட்டி எடுத்து, அதே ஆல்கஹால் கலவையால் துடைத்துவிடலாம்.

ஏற்கெனவே கீறல் விழுந்த பம்பர் என்றால்? பெயிண்ட் உரிந்து தூக்கியிருக்கும் இடத்தின்மேல் ஒட்டாதீர்கள்; டேப் அந்தப் பெயிண்டைத்தான் பிடித்திருக்கும், அதோடு சேர்ந்து வந்துவிடும். முதலில் சரிசெய்யுங்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்தால், அது உள்வரை காய ஒரு மாதமாவது விட்டு, பிறகு ஒட்டுங்கள். வெளியில் அடித்த பெயிண்ட் கம்பெனிப் பெயிண்ட் அளவுக்கு இறுகப் பிடித்திருக்காது. அதன்மேல் ஒட்டிய காப்பைக் கழற்றும்போது கூடுதல் கவனம் வேண்டும்.

காப்பு வாங்கும் முன் ஒன்றை யோசியுங்கள். உங்கள் கீறல்கள் எல்லாம் வீட்டுத் தூண் ஒன்றிலேயே விழுந்தவையா? அப்படியானால் காப்பு போட வேண்டியது தூணுக்கு. மஞ்சளும் கறுப்புமாக வரும் ரப்பர் மூலையைத் தூணில், உங்கள் பம்பரின் உயரத்துக்கு அடித்துவிடலாம். பழைய டயரை வெட்டிக் கட்டினாலும் போதும். தரையில் சக்கரம் முட்டி நிற்கும்படி ஒரு தடுப்பு வைத்தால், பின் சுவரை நீங்கள் தொடவே மாட்டீர்கள். வண்டியில் எதையும் ஒட்டாமல் தீரும் சிக்கல் இது. வாடகை வீடாக இருந்தால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு சந்தேகம். யாரோ பின்னால் இடித்துவிட்டார்கள். இறங்கிப் பார்த்தால் ரப்பரில் மட்டும் தடம், பம்பர் அப்படியே இருக்கிறது. விட்டுவிடலாமா?

மெதுவான உரசல் என்றால் விடலாம். கொஞ்சம் பலமாகக் குலுங்கியிருந்தால் விடாதீர்கள். பிளாஸ்டிக் தோல் உள்ளே போய்த் திரும்பி வந்துவிடும். உள்ளே இருக்கும் நுரை உடைந்திருந்தாலோ சட்டம் வளைந்திருந்தாலோ வெளியே தெரியாது. பம்பருக்கும் பாடிக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கிறதா, டிக்கி முன்போலவே மூடுகிறதா, சென்சார்கள் சரியாக அடிக்கின்றனவா, எல்லா விளக்குகளும் எரிகின்றனவா என்று அங்கேயே பாருங்கள். ஒன்றில் மாற்றம் தெரிந்தாலும், இடித்தவரின் வண்டி எண்ணைக் குறித்துப் படம் எடுத்துக்கொண்டு, பம்பரைக் கழற்றி உள்ளே பார்க்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். உடைந்த நுரையோடு ஓட்டினால், அடுத்த இடியின்போது அந்த இடத்தில் தாங்குவதற்கு எதுவும் இருக்காது.